பழைய கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்க மக்கள் முன்மொழியும் முறை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடம் ஒன்று இடிபடும் செய்தி நாளிதழில் வெளிவரும்போதெல்லாம், அடுத்த சில நாட்களுக்கு வாசகர் கடிதங்களில் ஆதங்கம் நிறைந்திருக்கிறது. அரசு உடனே தலையிட வேண்டும் என்றும், தொல்லியல் துறை கண்டுகொள்ளவில்லை என்றும் பலர் எழுதுகிறார்கள். அந்த ஆதங்கத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால், அந்தக் கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும்படி யாராவது எப்போதாவது முறையாக எழுதிக் கொடுத்திருந்தார்களா, கொடுத்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்ட அலுவலகம் என்ன பதில் சொன்னது என்ற கேள்வியை அக்கடிதங்களில் நான் கண்டதில்லை. அரசின் கண்ணுக்கு ஒரு கட்டடம் தெரிவது அது பட்டியலில் ஏறிய பிறகுதான். பட்டியலில் ஏறாத நூற்றாண்டு மாளிகையும் சென்ற ஆண்டு எழுப்பிய சரக்குக் கிடங்கும், இடிப்பு அனுமதி கோரும் விண்ணப்பத்தில் புல எண்ணும் பரப்பளவுமாக ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடும் வேலையை நெடுங்காலம் செய்த கட்டடப் பொறியாளன் நான். உரிமையாளர் சிலருக்காகவும் ஊர்ப் பொதுநல அமைப்புகளுக்காகவும் இத்தகைய மனுக்களைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். மனு உரிய அலுவலருக்கு மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு அப்பால் அவற்றில் பெரும்பாலானவை நகர்ந்ததில்லை. மறுத்திருந்தால்கூட மகிழ்ந்திருப்பேன், மறுப்புக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அந்தக் காரணத்துக்குப் பதில் எழுதியிருக்கலாம். இந்த அனுபவத்தின் அடிப்படையில், மரபுக் கட்டடங்களை அரசு அங்கீகரிக்கும் முறையில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைத் தங்கள் இதழின் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. 1897-இல் ஒரு மருந்து வணிக நிறுவனத்துக்காக எழுப்பப்பட்ட, இந்தோ-சாரசெனிக் பாணியிலான அந்தக் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். கோபுரங்களும் மேற்பகுதிகளும் சிதைக்கப்பட்டுக்கொண்டிருந்த நிலையில் மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் 'இன்டாக்' அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடித் தடை பெற்றது. 2010-இல் வந்த தீர்ப்பும் கட்டடத்தைக் காக்கும் வகையில் அமைந்தது. ஆனாலும், அது சிதைந்த கோலத்திலேயே இன்றும் நிற்கிறது. ஆர்மேனியன் தெருவில் அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் எழுந்த, தன்னாட்சி இயக்கக் கூட்டங்கள் நடந்த கோகலே மன்றத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. இடிப்பு பாதி நடந்த பிறகுதான் நீதிமன்றம் குறுக்கிட முடிந்தது. இரண்டு இடங்களிலும் கட்டடத்தின் சிறப்பு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சிறப்பு சட்டத்தின் பார்வையில் செல்லுபடியாகும் வடிவில் எங்கும் பதிவாகாததே குறை.

சென்னையின் மரபுக் கட்டடங்களுக்கு இன்று ஓரளவு அரணாக இருக்கும் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. சாலையோர விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு, பலகைகள் மறைக்கக் கூடாத கட்டடங்கள் எவை என்று தேடியபோது 467 கட்டடங்களை அடையாளம் கண்டது. மேலே சொன்ன பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்தே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் மரபுப் பாதுகாப்புக் குழு என ஒன்று அமைந்தது. விளம்பரப் பலகைத் தொழில் அவ்வளவு பெருகாமல் இருந்திருந்தால் நமக்கு அந்தப் பட்டியல்கூட வாய்த்திருக்காது. குழுவினரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மாநகரம் தன் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்கு வேறொரு வழக்கின் ஓரத்தில்தான் வாய்ப்புக் கிடைத்தது என்பதையே சுட்டுகிறேன். அதுவும் தலைநகரத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ அப்படியொரு வழக்கு வாய்க்கவில்லை.

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் பழமையும் வரலாற்று, தொல்லியல் அல்லது கலைச் சிறப்பும் கொண்டவற்றைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்க வகை செய்கிறது. அறிவிக்கும் எண்ணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். அக்கறையுள்ள எவரும் இரண்டு மாதங்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபங்களைப் பரிசீலித்த பின் இறுதி அறிவிக்கை வரும். மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே வார்ப்பில் அமைந்ததுதான். இவற்றைப் படிக்கும் எவருக்கும் ஒன்று உறைக்கும். ஆட்சேபிக்கிறவருக்கு நாள் குறித்து வழி வகுத்த சட்டம், முன்மொழிகிறவரைப் பற்றிப் பேசவே இல்லை. அரசுக்குத் தோன்ற வேண்டும், தோன்றினால் அறிவிக்கலாம் என்பதே அதன் அமைப்பு. ஒரு குடிமகன் எழுதிக் கொடுத்தால் அதை எத்தனை நாளில் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்ற கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய கருவி நம் கையில் இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. வரலாற்று, பண்பாட்டு, கட்டடக்கலைச் சிறப்புள்ள கட்டடங்களையும் பகுதிகளையும் அடையாளம் காண்பதும் காப்பதும் அதன் நோக்கம். அது செயலுக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். இப்போதாவது வந்ததே என்று ஆறுதல் கொள்கிறேன். ஆனால் 'அடையாளம் காணும்' பணியை ஆணையத்தின் அலுவலர்கள் மட்டுமே செய்து முடிப்பது நடக்கிற காரியமன்று. எந்தத் தெருவில் எந்த வீட்டின் எந்தச் சுவர் எப்போது எழுந்தது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் 1966-இல் வந்தது. நம் மாநிலச் சட்டத்தின் ஆண்டும் அதுவே என்பது தற்செயல். அங்கே வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டுக்கு ஒரு கட்டடத்தை முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு. உரிமையாளரோ ஆய்வாளரோ உள்ளூர்ச் சங்கமோ மனு தயாரிக்கலாம். மாநில அலுவலகம் அதைச் சரிபார்த்து வல்லுநர் குழு முன் வைக்கும். குழு ஏற்றால் மனு, அந்தப் பதிவேட்டை நிர்வகிக்கும் தேசியப் பூங்காக்கள் சேவைக்குச் செல்லும். அங்கே 45 நாட்களில் முடிவு தெரிய வேண்டும். வயது வரம்பு பொதுவாக 50 ஆண்டுகள். தகுதிக்கான அளவுகோல்களும் வெளிப்படையானவை: ஒரு முக்கிய நிகழ்வோடு தொடர்பு, ஒரு முக்கிய மனிதரோடு தொடர்பு, வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ தனிச்சிறப்பு, வரலாற்றுத் தகவல் தரும் ஆற்றல் என்னும் நான்கில் ஒன்றாவது பொருந்த வேண்டும். எல்லாம் அங்கே பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவேட்டில் ஏறிய தனியார் வீட்டை, அரசு நிதியோ அனுமதியோ தொடர்புபடாத நிலையில், உரிமையாளர் தம் பணத்தில் இடித்தால் மத்தியச் சட்டம் தடுக்காது. தடுப்பதெல்லாம் உள்ளூர் விதிகளே. ஆயினும் முன்மொழிந்தவருக்குக் குறித்த காலத்தில் ஒரு முடிவு கிடைக்கிறது.

இங்கிலாந்திலும் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அங்கே மூன்று தரநிலைகள் உள்ளன. பட்டியலில் உள்ளவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கடைசித் தரத்தைச் சேர்ந்தவை. அதாவது அரண்மனையும் பேராலயமும் அல்லாத, சாதாரணத் தெருவின் நல்ல வீடுகளும் கடைகளும் பள்ளிகளும்தான் அந்தப் பட்டியலின் பெரும்பகுதி. நம்மிடம் குறைவது இந்த நடுப்படியே. தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் சுமார் 3,690 உள்ளன. அந்த உயரத்துக்கு எட்டாத கட்டடம் எதுவானாலும், மாநிலத் தொல்லியல் துறையின் சிறு பட்டியலைத் தவிர்த்தால், பெரும்பாலும் வெறுமையில்தான் நிற்கிறது.

நடுப்படி ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பெரிய கோயிலைச் சுற்றி இந்த விதி தேவைதான். ஆனால் குறுகிய தெருவில் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பழைய வீட்டுக்கு இதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தால், அந்தத் தெருவே அதற்கு எதிராகத் திரும்பும். மாடி எழுப்ப முடியாத பக்கத்து வீட்டுக்காரர் மரபின் எதிரியாகிவிடுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கட்டடத்தை மட்டும் தழுவிய, அதன் முகப்பையும் முக்கியக் கூறுகளையும் காக்கும் மென்மையான தரநிலைதான் இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும். மும்பை 1995-லேயே மரபு விதிகளைக் கொண்டுவந்து கட்டடங்களைத் தரம் பிரித்தது. கட்ட முடியாமல் போன பரப்புக்கு ஈடாக, வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ கூடிய வளர்ச்சி உரிமையை உரிமையாளருக்குத் தரவும் வழி வைத்தது. நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது.

அரசின் பக்கம் இவ்வளவு குறை சொன்ன நான், முன்மொழியும் நம் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் எழுதும் மனுக்களில் பெரும்பாலானவை மனுக்களே அல்ல, புகழுரைகள். 'எழில்மிகு மாளிகை, முன்னோரின் பெருமை, ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பிடுகிற அலுவலருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவருக்கு வேண்டியவை மூன்று செய்திகள்தாம். இது என்ன, இது ஏன் முக்கியம், முக்கியமாக்கிய அந்தக் கூறுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றனவா?

செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை செல்லும்படி அமைந்த கதவுகள், நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றிப் பங்காளிகளுக்கான அறைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டையின் வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடித் தரை ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். எழுதிவிட்டு, எந்தக் கட்டின் தேக்கு உத்தரம் எடுக்கப்பட்டு இரும்பு போடப்பட்டது, எந்தத் தாழ்வாரத்தின் ஓடு நீங்கித் தகரம் வந்தது, முகப்பின் பூச்சு எந்தப் பகுதியில் சிமென்டால் மறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாற்றங்களை ஒளிக்கும் மனு, நேரில் பார்க்க வரும் அலுவலரின் முதல் பார்வையிலேயே நம்பிக்கையை இழந்துவிடும். மாற்றங்களைச் சொல்லி, அவற்றை மீறியும் எது நிலைத்திருக்கிறது என்று காட்டும் மனுவே வலுவானது.

காலத்தை நிறுவுவதில் இன்னும் கவனம் தேவை. 'இருநூறு வருட வீடு என்று தாத்தா சொல்லுவார்' என்பது சான்றாகாது. பழைய மங்களூர் ஓட்டைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஆகவே அந்த முத்திரை உள்ள ஓடு அதற்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. ஆனால் அந்த ஓடு கூரையின் காலத்தைத்தான் சொல்லும். சுவர் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். கீழே நாட்டு ஓட்டுக்குரிய நெருக்கமான சட்டங்கள் அப்படியே இருக்க, மேலே மங்களூர் ஓடு கிடந்தால் கூரை ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. சுவரின் காலத்துக்குச் செங்கல்லின் அளவையும் காரையின் தன்மையையும் பார்க்கலாம். ஆவணங்கள்தாம் உறுதியானவை: கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, நில அளவைப் பதிவேடுகள், புதுமனை புகுவிழா அழைப்பிதழ், கணக்குப் பேரேடு. எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பொறுமையாகத் தேடுபவருக்கு எதிர்பாராதவை கிடைக்கும். பழைய வணிகப் பட்டியல் ஒன்றின் விளம்பரத்தில் கடையின் முகவரி இருந்தால் போதும், ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை ஓர் ஆண்டோடு முடிச்சுப் போட்டுவிடலாம்.

முக்கியத்துவம் என்றவுடன் அழகு மட்டுமே நினைவுக்கு வருவது நம் இன்னொரு பழக்கம். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் புறப்பட்டது திருச்சியில் டாக்டர் தி.சே.செள.ராஜன் அவர்களின் வீட்டிலிருந்து. அப்படியொரு வீட்டை மதிப்பிடும்போது அதன் தூண்கள் அழகானவையா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அதேபோல் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்குப் பின்னணியாக இருந்தவை பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். நாட்டின் தொழிற்சங்க வரலாறு தொடங்கும் இடங்களில் ஒன்று அது. ஆலைக் கூடங்களுக்கு யாரும் வண்ணப் படநூல் போடுவதில்லை. அதனால் அவை எந்தப் பட்டியலுக்கும் எளிதில் எட்டுவதில்லை. தொழிலாளர் குடியிருப்பு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஊர்ச் சத்திரம், பழைய அச்சகம், கொட்டகையாகத் தொடங்கிய திரையரங்கு என்று முன்மொழிய ஆளில்லாத கட்டடங்கள் ஏராளம். பரிந்துரைகளை எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே எழுதினால், அரசின் பட்டியல் எழுதத் தெரிந்தவர்களின் வரலாறாக மட்டுமே அமையும். ஆணையம் வெளியிடும் அளவுகோல்களில் 'நிகழ்வு' என்பதும் 'சமூக வரலாறு' என்பதும் கட்டடக்கலைக்குச் சமமான இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி, எல்லா முன்மொழிவும் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு வருகிறேன்: உரிமையாளர். பட்டியலில் ஏறினால் வீடு அரசுக்குப் போய்விடும், ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும், விற்க முடியாது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. செட்டிநாட்டில் இதன் சிக்கலை நேரில் காணலாம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அந்தக் கிராமத் தொகுதிகள் 2014-இல் இடம்பெற்றன. உலக அளவில் அப்படி மதிப்புப் பெற்ற ஊர்களிலேயே ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவர் அமெரிக்காவில். பழுதுபார்க்கும் செலவைப் பங்கிடுவதில் உடன்பாடு வராது, விற்பதில் வந்துவிடும். முதலில் நிலைக்கதவு காரைக்குடியின் பழம்பொருள் கடைக்குப் போகும், பிறகு தூண்கள், அப்புறம் மனை மட்டுமே மிஞ்சும். இத்தகைய குடும்பத்தின் முன் வெறும் கட்டுப்பாட்டை மட்டும் நீட்டினால், பட்டியலில் ஏறும் முன்பே இடித்துவிடுவோம் என்றுதான் அவர்கள் முடிவெடுப்பார்கள். சொத்து வரியில் சலுகை, பழுதுபார்ப்புக்கு மானியம், தங்கும் விடுதியாகவோ நூலகமாகவோ மாற்றிப் பயன்படுத்த விரைவான அனுமதி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை அறிமுகப்படுத்தும் ஏற்பாடு ஆகியவை அறிவிக்கையோடு கூடவே வர வேண்டும்.

உரிமையாளரின் சம்மதம் கட்டாயமா என்ற கேள்வியில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 1980-க்குப் பிறகு தனியார் உரிமையாளர் எதிர்த்தால் தேசியப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. இங்கிலாந்தில் எதிர்ப்பு ஒரு தடையே அல்ல. என் எண்ணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கீழ்த் தரநிலைக்குச் சம்மதம் வேண்டும். மிக உயர்ந்த தரநிலைக்கு வேண்டியதில்லை, ஆனால் அங்கே ஈடு தருவது அரசின் கடமையாக இருக்க வேண்டும். அரசுக்கே சொந்தமான கட்டடங்களில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. ஆகவே தொடக்கம் அங்கிருந்தே அமையட்டும். நூற்றாண்டு கண்ட அரசுப் பள்ளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை என்று கணக்கெடுத்து விழாவும் எடுத்த மாநிலம் இது. அவற்றுள் எத்தனையில் முதல் கட்டடம் இன்னும் நிற்கிறது என்ற கணக்கை எடுத்தாலே நல்லதொரு முதல் பட்டியல் கிடைத்துவிடும். பழைய வட்டாட்சியர் அலுவலகங்கள், நீதிமன்றங்கள், பயணியர் விடுதிகள், மருத்துவமனைகள் ஆகியவையும் அப்படியே. சேப்பாக்கத்தில் 2012-இல் தீயில் சிதைந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையும் தேக்குமாகப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. அரசு முனைந்தால் வேலை தெரிந்த கைகள் இங்கேயே இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

மற்றொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். முன்மொழிவு நிலுவையில் இருக்கும் காலம்தான் ஒரு கட்டடத்துக்கு மிகவும் ஆபத்தான காலம். லண்டனின் மேற்கே இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலையைப் பட்டியலிடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1980 ஆகஸ்டில், அரசு அலுவலகங்கள் மூடியிருந்த தொடர் விடுமுறையில், அதன் புகழ்பெற்ற முகப்பை உரிமையாளர் தரப்பு இடித்துத் தள்ளியது. செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறந்தபோது காப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கே இரண்டு மாத ஆட்சேபக் காலம் என்று அரசிதழில் வெளியிடுகிறோம். பொக்லைன் இயந்திரத்துக்கு இரண்டு நாள் போதும். முன்மொழிவு முதற்கட்டச் சரிபார்ப்பில் தேறிய உடனேயே, அந்தப் புல எண்ணுக்கு இடிப்பு அனுமதியும் கட்டட அனுமதியும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டதாக உள்ளாட்சி அமைப்புக்கும் சார்பதிவாளருக்கும் தகவல் போக வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய இடைக்காலக் காப்பு ஆறு மாதம் நீடிக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் முடிவு தெரியாவிட்டால் காப்பு தானே நீங்கிவிடும் என்பதால் உரிமையாளரும் காலவரையின்றி முடக்கப்படுவதில்லை.

பட்டியலில் ஏறியதோடு கடமை முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. தேசியப் பாதுகாப்பில் இருந்த சின்னங்களில் 24 எங்கே இருக்கின்றன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று மத்திய அரசே நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நூறாண்டுக்கு முந்தைய அறிவிக்கையில் ஊர்ப் பெயரும் 'குளத்துக்கு வடக்கே உள்ள கல்வெட்டு' என்பது போன்ற ஒரு குறிப்பும் மட்டும் இருந்தால், குளமே தூர்ந்துபோன பிறகு எதைத் தேடுவது? ஒவ்வொரு முன்மொழிவிலும் புவியிடக் குறியீடு, நான்கு எல்லை, தேதியிட்ட நிழற்படங்கள், அளவோடு கூடிய வரைபடம் ஆகியவை கட்டாயமாக இருந்தால் இந்த நிலை வராது. புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான 'மேரி' 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். அந்த அளவுக்குப் படங்களும் அளவுகளும் எஞ்சியிருக்கும் கட்டடங்கள் நம்மிடம் மிகச் சில. மறுக்கப்பட்ட முன்மொழிவானாலும் அதன் கோப்பை அழிக்காமல் ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். கட்டடம் போன பிறகு அந்தக் கோப்பு ஒன்றே மிஞ்சக்கூடும்.

ஆகவே மரபு ஆணையத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தங்கள் இதழின் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். எந்தக் குடிமகனும் நிரப்பக்கூடிய முன்மொழிவுப் படிவம் ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டும், 90 நாட்களுக்குள் முதற்கட்ட முடிவும், மறுத்தால் எழுத்துமூலமான காரணமும், அதன்மேல் ஒருமுறை மேல்முறையீடும் உறுதி செய்யப்பட வேண்டும். பெறப்பட்ட முன்மொழிவுகளும் அவற்றின் நிலையும் மாவட்ட வாரியாக இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். உரிமையாளரின் தனிப்பட்ட விவரங்களை மட்டும் நீக்கிக்கொள்ளலாம்.

படிவம் எளிமையாக இருப்பதில் ஆணையம் குறிப்பாகக் கவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதற்கட்டத்திலேயே பதிவுபெற்ற கட்டடக்கலைஞரின் வரைபடமும் வல்லுநர் சான்றும் கேட்டால், செலவு செய்ய முடிந்தவர்களின் கட்டடங்கள் மட்டுமே ஆணையத்தின் வாசலை எட்டும். கையால் வரைந்த தரைப்படம், நான்கு பக்கமும் எடுத்த நிழற்படம், தெரிந்த வரலாறு, அதற்குரிய சான்றின் நகல் ஆகியவையே முதற்கட்டத்துக்குப் போதும். அளவெடுப்பதும் ஆய்வதும் அரசின் பொறியாளர்களாலும், மாவட்டந்தோறும் உள்ள பொறியியல், வரலாற்றுத் துறை மாணவர்களாலும் இரண்டாம் கட்டத்தில் செய்யக்கூடியவை. அப்படியொரு படிவம் வெளியாகும் நாளில், ஓய்வுபெற்ற என்னைப் போன்ற பொறியாளர்கள் பலர் கட்டணமின்றி அளவெடுத்துத் தர முன்வருவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்